8.6 வந்தும் அலை வராதது ஏன்? நிலநடுக்கக் கேள்வி பதில்

புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வந்திருக்கும் கேள்விகளில் என் துறைக்கு உட்பட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

மீனா: நிலநடுக்கம் எதனால் வருகிறது, சார்?

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து, நகம் வளர்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் இரண்டு தட்டுகள் உரசும் இடம் உராய்வில் சிக்கிக்கொள்ளும். தட்டு தள்ளத் தள்ளப் பாறை வளையும். தாங்காத கட்டத்தில் பிடி விட்டு, பல காலத்து நகர்வு சில நொடிகளில் நடந்துவிடும். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று 7.8 அளவில் வந்தது அப்படித்தான். நிலம் பக்கவாட்டில் பல மீட்டர் நகர்ந்து, ரயில் தண்டவாளமே வளைந்துபோனது.

முருகேசன்: 7க்கும் 8க்கும் ஒரு எண்தானே வித்தியாசம்?

வெளிப்படும் ஆற்றலில் சுமார் 32 மடங்கு வித்தியாசம்.

செந்தில், சென்னை: 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6. அலுவலகத்திலிருந்து படியிறங்கி ஓடினோம். சுனாமி எச்சரிக்கையும் வந்தது. கடைசியில் ஒன்றுமில்லை. 2004இல் மட்டும் ஏன் வந்தது?

நல்ல கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று இந்தியத் தட்டு சுமத்ராவுக்கு அடியில் நுழையும் எல்லையில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. மேலே இருந்த கடல்தரை எகிறியது. தரை உயர்ந்தால் அதன் மேலிருக்கும் மொத்தத் தண்ணீரும் உயரும். அதுதான் சுனாமி.

2012இல் உடைந்தது அந்த எல்லை இல்லை. அதற்கு மேற்கே, தட்டின் உள்ளேயே பாறைகள் துருக்கியில் போலப் பக்கவாட்டில் நழுவின. தரை பெரிதாக மேலே எழவில்லை, தண்ணீரை அதிகம் தூக்கவும் இல்லை. சுமத்ரா கரையிலேயே அலை ஒரு மீட்டர் அளவில்தான் பதிவானது.

ராஜி: நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நாள், இடம், அளவு சொல்லி முடியாது. 1975இல் சீனாவின் ஹைசெங்கில் முன்னதிர்வுகளைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள். அடுத்த வருடமே தாங்ஷானில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

செந்தில்: அப்படியானால் 2012இல் கொடுத்தது தவறான எச்சரிக்கைதானே? இப்படியே போனால் மக்கள் நம்ப மாட்டார்கள்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் சில நிமிடங்களில் தெரிவது இடமும் அளவும்தான். பாறை எந்தத் திசையில் நழுவியது என்று கணக்கிட இன்னும் நேரம் பிடிக்கும். அலை எழுந்ததா என்பதைக் கடலில் மிதக்கும் கருவிகளும் கரையிலுள்ள அலைமானிகளும்தான் உறுதி செய்யும். அதுவரை காத்திருந்தால் அந்தமான் கரைக்கு நேரம் இருக்காது. 2004இல் அலை தமிழகக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நம்மிடம் சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007இல்தான்.

பிரபு: கிரகங்கள் ஒரே வரிசையில் வந்தால் நிலநடுக்கம் வருமா?

வராது.

அன்பு: நாய்கள் முன்பே உணருமாமே, அதை வைத்துச் சொல்லலாமா?

ராஜிக்குச் சொன்ன பதில்தான். இதே கேள்வி இன்னும் ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது, தயவுசெய்து மேலே படியுங்கள்.

லதா: எங்கள் மூன்று மாடி வீடு தாங்குமா?

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். எழுத்தில் கேட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது.

ஜெயா, நாகப்பட்டினம்: செந்தில் சொல்வதில் நியாயம் இருக்கிறது சார். ஒவ்வொரு தடவையும் ஓட முடியுமா?

ஓடத்தான் வேண்டும் அம்மா. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமலூ என்று ஒரு தீவு, 2004 நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில். 1907இல் அங்கே ஒரு பெரிய அலை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோனது. அதற்கு அவர்கள் மொழியில் ஸ்மோங் என்று பெயர். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004இல் 70,000க்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

இன்னொன்று: முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்பாதீர்கள். அடுத்து வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அபாயம் நீங்கியது என்று அறிவிப்பு வரும்வரை மேட்டிலேயே இருங்கள்.