பால்டர்ஸ் கேட்: முதல் லெவலில் சாகாமல் சண்டை போட — கேள்வி பதில்

பயோவேர் உருவாக்கி 1998-ல் வெளிவந்த முதல் பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டை இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களின் கேள்விகள் இவை. பழைய பதிப்புக்கும் 2012-ல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனுக்கும் சண்டை அடிப்படையில் ஒன்றுதான்.

கேள்வி: ஆட்டம் தொடங்குற கேண்டில்கீப்பை விட்டு வெளியே வந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல, ஓநாய் கடிச்சு ஹீரோ காலி. மேஜ் எடுத்தது தப்பாண்ணா?

தப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் லெவல் மேஜுக்கு (மந்திரவாதிக்கு) உயிர்ப்புள்ளி 4. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 16 இருந்தால் இன்னும் 2 சேர்ந்து 6. ரெண்டு கடியில் தீர்ந்துவிடும். அதே லெவலில் கான்ஸ்டிடியூஷன் 18 உள்ள ஃபைட்டருக்கு (போர்வீரனுக்கு) 14. கூட்டாளிகள் ஐந்து பேரும் உயிரோடு இருந்தாலும் ஹீரோ செத்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் ஹீரோ மேஜ் என்றால் அவர் இடம் எப்போதும் கடைசி வரிசை.

கையில் டார்ட் கொடுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று எறியலாம். ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரைதான் சேதம் செய்யும், ஆனாலும் முதல் லெவலில் அதுவே பெரிது. ஹீரோவின் சின்ன வயதுத் தோழி ஐமோவென் வந்து சேரும்போதே மேஜிக் மிசைல் மந்திரக்கோல் கொண்டுவருவாள். அதைப் பத்திரப்படுத்திக் கடைசிவரை பையிலேயே வைத்திருப்பவர்கள்தான் அதிகம், இப்போதே பயன்படுத்துங்கள். வழியில் சந்திக்கும் மாண்டரோன், ஸார் இருவரும் கெட்டவர்கள்தான், இருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். எதிரி அடிக்க இன்னும் ரெண்டு உடம்பு கிடைக்கிறது. காட்டுக்குள் சுற்றாமல் சாலையைப் பிடித்து நேராக ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிக்குப் போங்கள்.

கேள்வி: தாக்கோன்னா என்ன? ஆர்மர் கிளாஸ் குறையக் குறைய நல்லதுங்கிறாங்க, தலையே சுத்துது சார்.

தாக்கோ அடிப்பவரின் குறித்திறனுக்கான எண், ஆர்மர் கிளாஸ் அடி வாங்குபவரின் காப்புக்கான எண். ரெண்டுமே குறைந்தால் நல்லது. அடிப்பவரின் தாக்கோவிலிருந்து அடி வாங்குபவரின் ஆர்மர் கிளாஸைக் கழியுங்கள். இருபது பக்கப் பகடையில் அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். முதல் லெவலில் எல்லாருக்கும் தாக்கோ 20.

எதிரியின் தாக்கோ 20 என்று வைத்துக்கொள்வோம். கவசமே இல்லாமல் ஆர்மர் கிளாஸ் 10-ல் நிற்பவர் மேல் அவன் அடி விழ 55 சதவீத வாய்ப்பு. செயின் மெயில் போட்டு 5-க்கு வந்தால் 30. பிளேட் மெயில் போட்டு 3 ஆனால் 20. கேடயமும் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18-ம் சேர்ந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். அப்போது 20 விழுந்தால் மட்டுமே அடி, அதாவது 5 சதவீதம்.

10-லிருந்து 8-க்கு வருவதால் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். 2-லிருந்து 0-க்கு வந்தால் வாங்கும் அடி மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதனால் முதலில் கிடைக்கும் பணத்தை ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள். முன்னால் நிற்கும் ஒருவருக்கே கனமான கவசம், ஹெல்மெட், கேடயம் என்று கொட்டுங்கள். மற்றவர்கள் லெதரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஃப்ரெண்ட்லி ஆர்ம் வாசல்ல ஒரு மந்திரவாதி பேர் கேக்கிறான். என்ன சொன்னாலும் அடிக்கிறான். எங்க ஆளுங்க எல்லாம் பயந்து ஓடுறாங்க!

அவன் பெயர் டார்னெஷ். உங்கள் தலைக்கு வைத்த விலைக்காக வந்தவன், பேசித் தப்ப முடியாது. அவனிடம் மூன்று ஆயுதங்கள்: தன்னைப் போலவே பல பிம்பங்களை எழுப்பும் மிரர் இமேஜ், உங்கள் ஆட்களைத் தலைதெறிக்க ஓடவைக்கும் ஹாரர், குறியே தவறாத மேஜிக் மிசைல்.

படியேறும் முன்பே சேவ் செய்யுங்கள். பேச்சு முடிந்த நொடியில் ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தி, எல்லாருக்கும் அவனையே குறியாகக் கொடுங்கள். இங்கே பெரிய அடியைவிட நிறைய அடிதான் முக்கியம், ஏனென்றால் விழும் அடியெல்லாம் ஒவ்வொரு பிம்பமாகத்தான் கலைக்கும். வில், டார்ட், மந்திரக்கோல் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரட்டும். மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது உண்மையான உடம்பில் அடி பட்டால் அந்த மந்திரம் கலைந்துவிடும். கிளெரிக் (பூசாரி) இருந்தால் பயத்தைப் போக்கும் ரிமூவ் ஃபியர் மனப்பாடம் செய்து வைத்திருங்கள். ஆறு பேரையும் ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம். ஒரே ஹாரரில் மொத்தக் கூட்டமும் ஓடிவிடும். முற்றத்துக் காவலர்களும் உதவிக்கு வருவார்கள், அவர்கள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

கேள்வி: முதல் லெவலுக்கு ஒரே ஒரு மேஜ் ஸ்பெல்தான் எடுக்கலாம்னா எது?

எதிரிகளைத் தூங்கவைக்கும் ஸ்லீப். யோசிக்கவே வேண்டாம்.

தூங்குபவன் மேல் எந்த அடியும் தவறாது. தாக்கோ, ஆர்மர் கிளாஸ் எதுவும் கணக்கில் வராது. கோபோல்டு, ஜிபர்லிங், ஸ்வார்ட் மாதிரி குட்டி அரக்கர் கூட்டங்களும், ஆரம்பப் பகுதிகளில் வரும் கொள்ளைக்காரர்களும் மொத்தமாகச் சாய்வார்கள். எலும்புக்கூடு முதலான செத்துப் பிழைத்தவை தூங்காது, எல்ஃபுகள் பெரும்பாலும் தூங்க மாட்டார்கள், ஐந்தாம் லெவலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மேல் வேலை செய்யாது. கூட்டம் கண்ணில் பட்ட உடனே போடுங்கள். பாதிச் சண்டையில், மேஜ் அடி வாங்கிக்கொண்டே போட முயன்றால் ஸ்பெல் வீணாகும்.

கேள்வி: எலும்புக்கூடு மேல அம்பு அடிச்சா ஒண்ணுமே ஆக மாட்டேங்குது?

ஆகாது. கதாயுதம், தடி, சுத்தியல் மாதிரி மொட்டை ஆயுதம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாருக்கும் வில் கொடுங்கன்னு சொல்றாங்களே, அவ்வளவு நல்லதா?

ஆரம்பத்தில் ஆமாம். வில்லில் சுற்றுக்கு ரெண்டு அம்பு, ஒவ்வொன்றும் 1 முதல் 6. வாளில் முதல் லெவலில் பெரும்பாலும் ஒரே வெட்டு. கிராஸ்போ பலமாகத் தெரியும், ஆனால் சுற்றுக்கு ஒன்றுதான். நான்கு வில்லாளிகள் இருந்தால், ஓடி வரும் ஓகர் (பெரிய அரக்கன்) உங்களைத் தொடுவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். அவன் ஒருவரைத் துரத்தினால் அவரை மட்டும் வட்டமடித்து ஓடவிட்டு மற்றவர்கள் எய்துகொண்டே இருக்கலாம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வேலை நடக்கும்.

எதிரி ஒட்டி நிற்கும்போது வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அதற்குத் தண்டனை உண்டு. உடனே வாளுக்கு மாறுங்கள். இந்தக் கதையில் இரும்பே கெட்டுப்போயிருக்கிறது, சாதாரண வாள் நடுச்சண்டையில் உடையும். முன்வரிசை ஆளுக்கு மாற்று வாள் ஒன்று ஆயுத இடத்திலேயே இருக்க வேண்டும். மந்திர ஆயுதம் உடையாது.

கேள்வி: எல்லாம் ரொம்ப வேகமா நடக்குது, என்ன ஆச்சுன்னே புரியல.

ஆட்டோ பாஸ் அமைப்பில் எதிரி தென்படும்போதும், ஆயுதம் பயனற்றுப் போகும்போதும், இலக்கு செத்ததும் ஆட்டம் தானாக நிற்கும்படி வையுங்கள். ஒரு சுற்று 6 நொடி, அதற்குள் ஒருவர் ஒரு ஸ்பெல்தான் போட முடியும். மேஜ் சும்மா நிற்பதுபோல் தெரிந்தால் பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். மருந்துக் குப்பிகளைக் குயிக் ஸ்லாட்டில் போடுங்கள். கவசத்தைச் சண்டை நடுவில் மாற்ற முடியாது.

கேள்வி: என் டிரூயிட் (இயற்கைப் பூசாரி) போட்ட என்டாங்கிள் ஸ்பெல்ல என் ஃபைட்டரே மாட்டிக்கிட்டான்.

என்டாங்கிள், வெப், கிரீஸ், ஃபயர்பால் எதுவும் நம்மவர் யார் என்று பார்க்காது. முதலில் ஸ்பெல், பிறகு ஃபைட்டர். கொடியிலோ வலையிலோ சிக்கியவர்களை வெளியே நின்றே அம்பால் முடியுங்கள்.

கேள்வி: நாஷ்கெல் சுரங்கத்துல நெருப்பு அம்பு விடுற கோபோல்டுங்க கொன்னு போடுறாங்க. கடைசியில இருக்கிற முலாஹேயையும் எப்படிச் சமாளிக்கிறது?

அந்தச் சுரங்கத்தில் பாதி எதிரி, வழி தேடத் தெரியாத உங்கள் ஆட்களேதான். குறுகிய பாதையில் ஆறு பேரையும் சேர்த்துக் கிளிக் செய்தால் நடுவில் ஒருவர் திரும்பி நிற்பார், பின்னால் இருப்பவர் வேறு வழி தேடிக் குகையையே சுற்றுவார், கவசமில்லாத மேஜ் முதல் ஆளாகப் போய் நிற்பார். ரெண்டு ரெண்டு பேராக நகர்த்துங்கள். தீஃபை (திருடனை) பொறி தேடும் நிலையில் வைத்து மெதுவாக முன்னே விடுங்கள். கோபோல்டு கமாண்டோ தெரிந்ததும் கனமான கவசக்காரர் முன்னே போய் அம்புகளைத் தன் பக்கம் இழுக்கட்டும், மேஜ் பின்னாலிருந்து ஸ்லீப் போடட்டும். செத்தவர்களிடம் மிச்சமிருக்கும் நெருப்பு அம்புகளைப் பொறுக்கி வையுங்கள், வழியில் செலவழிக்காதீர்கள்.

அவை முலாஹேக்கு. அவன் கிளெரிக்; சண்டை தொடங்கியதும் கூப்பிட்டுக் கோபோல்டுகளையும் எலும்புக்கூடுகளையும் வரவழைப்பான். உள்ளே போகும் முன் ஓய்வெடுத்து எல்லா ஸ்பெல்லையும் நிரப்பிக்கொள்ளுங்கள். பேசப் போகும்போதே மொட்டை ஆயுதம் பிடித்த ஃபைட்டர் அவனை ஒட்டி நிற்க வேண்டும். வில்லாளிகள் நால்வரும் அவனையே குறி வைக்கட்டும், கோபோல்டுகள் பக்கம் திரும்பவே வேண்டாம். அவன் ஒரு ஹோல்ட் பெர்சனை முடித்துவிட்டால் உங்கள் முன்வரிசை மரம்போல் நிற்கும். கிளெரிக் மூன்றாம் லெவலுக்கு வந்திருந்தால் வாயடைக்கும் சைலன்ஸைத் தூரத்திலிருந்து போடுங்கள். அது பலித்தால் அவனால் ஸ்பெல் போட முடியாது. மேஜின் ஸ்லீப் கோபோல்டு கூட்டத்துக்கு.

கேள்வி: கூட்டாளி செத்துட்டான். திரும்பி வருவானா?

திரை ஓரத்தில் அவன் படம் சாம்பல் நிறமாக இருந்தால் வருவான், கோவிலில் பணம் கட்டி எழுப்பலாம். அவன் சாமான்கள் கீழே கொட்டிக் கிடக்கும், எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பெரிய அடியில் உடல் சிதறிப்போய்ப் படமே மறைந்திருந்தால் கோவிலாலும் முடியாது, பழைய சேவைத் திறக்க வேண்டியதுதான். முதல் ரெண்டு லெவலில் ஓகரின் ஒரு அடியே அதற்குப் போதும்.