எடிசனுக்கு மிக்சி, கிரைண்டர், கெட்டில்: எதைப் பெட்டியில் வைக்கலாம்?

தம்பி, வேலை கிடைத்து நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள். வீட்டில் இருக்கும் 750 வாட் மிக்சி, டேபிள்டாப் கிரைண்டர், 1500 வாட் கெட்டில் மூன்றையும் கட்டிக்கொண்டு வந்து, இங்கே ஒரு பிளக் அடாப்டர் வாங்கி மாட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். (ஹெர்ட்ஸ் என்றால் மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னுமாக அலைகிறது என்ற எண்ணிக்கை.) அடாப்டர் இதில் எதையும் தொடாது.

முதலில் கெட்டில், அதற்குக் கணக்கு சுலபம். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்: 230 வோல்ட், 1500 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர், அதாவது 6.5. வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, சுமார் 35 ஓம். உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பிக்கு எந்த நாடு என்று தெரியாது. இங்கே வந்தாலும் அதே 35 ஓம்தான். 120ஐ 35ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர். 120ஐ 3.4ஆல் பெருக்கினால் 408 வாட். வோல்ட் பாதியாகக் குறைந்தால் கரண்டும் பாதியாகிவிடுகிறது, அதனால் சக்தி கிட்டத்தட்ட கால் பங்குக்கு இறங்கிவிடுகிறது. ஊரில் நாலு நிமிடத்தில் கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் இங்கே கால் மணி நேரம் எடுக்கும். காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் அது வேலைக்காகாது. கெட்டிலை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

மிக்சிக்கு இந்தக் கணக்கு செல்லாது. மல்டிமீட்டர் வைத்து மோட்டார் சுருளின் ஓம் பார்த்து 230ஐ அதால் வகுத்தால், ஓடும்போது எடுப்பதைவிட மிக அதிகமான ஆம்பியர் வரும். சுற்றும் மோட்டார் தானே ஒரு எதிர் வோல்ட்டை உண்டாக்கிக் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது, அதனால்தான். 120 வோல்ட்டில் நேராக மாட்டினால் மிக்சி மந்தமாகச் சுற்றும். தேங்காய்ச் சட்னிக்கே திணறும். ஜாருக்குள் சிக்கி நின்றுவிட்டால் அந்த எதிர் வோல்ட்டும் இருக்காது, சுருள் சூடாகத் தொடங்கும். 120 வோல்ட்டை 230 ஆக ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும். ஆனால் 750 வாட்டுக்கு 120 வோல்ட் பக்கம் 6.25 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. அதனால் 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். செங்கல்லைவிடக் கனமான அந்தப் பெட்டியைக் கிச்சன் மேடையில் எங்கே வைப்பீர்கள்?

கிரைண்டர் இன்னும் மோசம். அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். பாதி வோல்ட்டில் முறுக்கு விசை கால் பங்காகிவிடும். கல்லோடு மாவும் இருந்தால் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றித் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. இந்த மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, அதனால் 60 ஹெர்ட்ஸில் கல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். அந்த வேகத்துக்கு அதைச் செய்யவில்லை. 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதிய மிக்சியும் கிரைண்டரும் தனியாகவே வருகின்றன. சென்னையில் பெரிய கடையில் அமெரிக்காவுக்கு என்று சொன்னால் புரியும். இங்கே இந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் மிக்சி அங்கே, கிரைண்டர் இங்கே. கல்லைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

(120 வோல்ட்டுக்கும் உங்கள் புது ஊருக்கும் உறவு உண்டு. மின்விளக்குப் புகழ் தாமஸ் எடிசன் 1882இல் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்தபோது கொடுத்தது சுமார் 110 வோல்ட் நேர்மின்சாரம். அவருடைய மென்லோ பார்க் ஆய்வகம் இருந்ததும் இன்றைய எடிசன் ஊரின் எல்லைக்குள்தான்.)

வந்த பிறகு ஒரு விஷயம். இங்கே வீட்டு லைன்கள் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கரில் இருக்கும். இங்கே வாங்கும் 1500 வாட் கெட்டில் 12.5 ஆம்பியர் எடுக்கும், மைக்ரோவேவ் ஓவனும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டும் ஒரே லைனில் இருந்து சேர்ந்து ஓடினால் டிரிப் ஆகிவிடும். குளிர்காலத்தில் வாங்கும் ரூம் ஹீட்டரும் 1500 வாட்தான். அதை எக்ஸ்டென்ஷன் கார்டில் மாட்டவே மாட்டாதீர்கள், நேராகச் சுவர் பிளக்கில்தான்.

போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் பற்றிக் கவலை வேண்டாம். லேபிளில் 100–240 என்று இருக்கும். அவற்றுக்கு மட்டும் உங்கள் அடாப்டர் போதும். அப்புறம், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கென்று இங்கிருந்து ரைஸ் குக்கர் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 120 வோல்ட், 600 வாட் குக்கர் என்றால் 5 ஆம்பியர், 24 ஓம். அதை 230 வோல்ட்டில் மாட்டினால் 9.6 ஆம்பியர், 2200 வாட். சோறு வேகும் முன்னே குக்கர் கருகிவிடும். அம்மாவுக்கு அங்கேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.