ஏசிஎல் கிழிந்த மகள் சீனியர் நைட்டில் ஆடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் டிவிஷன் 1 கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். இது அவள் ஆடும் நான்காவது, கடைசி வருடம். டிசம்பரில் ஏழாவது ஆட்டத்தில் இடது முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, பிரேஸ் கட்டிக்கொண்டு, கடைசி வருட வீராங்கனைகளைக் கௌரவிக்கும் பிப்ரவரி சீனியர் நைட் ஆட்டத்தில் ஒரு நிமிடமாவது இறங்குவேன் என்று அடம்பிடிக்கிறாள். விடலாமா? இன்னொரு வருடம் ஆட வாய்ப்பு உண்டா?

பதில்: வாய்ப்பு உண்டு. அதனால்தான் விடக்கூடாது என்கிறேன்.

காயத்தால் போன சீசனைத் திருப்பித் தருவது ‘மெடிக்கல் ரெட்ஷர்ட்’ என்று எல்லோரும் சொல்லும் சலுகை. அதற்கு, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ கேட்பவை: காயம் சீசனின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும், அதுவரை ஆடியது மொத்த ஆட்டங்களில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மீதி சீசன் முழுக்க ஆட முடியாத நிலை என்பதற்கு அப்போதே எழுதிய மருத்துவக் குறிப்பு வேண்டும். அணிக்கு 30 ஆட்டம் என்றால் எல்லை 9. உங்கள் மகள் 7-லேயே நிற்கிறாள். பிப்ரவரியில் ஒரு விநாடி இறங்கினாலும் ‘மீதி சீசன் ஆட முடியவில்லை’ என்ற வாதம் போய்விடும்.

1998 பிப்ரவரியில் கனெக்டிகட் பல்கலைக்கழக வீராங்கனை நிகேஷா சேல்ஸுக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கல்லூரியின் மொத்தப் புள்ளிச் சாதனைக்கு ஒரு புள்ளி குறைவாக இருந்தபோது குதிகால் தசைநாண் அறுந்தது. இரண்டு பயிற்சியாளர்களும் பேசிவைத்து, வில்லனோவா ஆட்டத் தொடக்கத்தில் யாரும் தடுக்காமல் அவரைக் கூடை போட வைத்தார்கள். பதிலுக்கு எதிரணிக்கும் ஒரு கூடை. அவருக்கு இழக்க எதுவும் இல்லை, சீசனே முடியும் நேரம். உங்கள் மகள் கதை அப்படியல்ல.

சரி, முழங்காலுக்கு வருவோம். பிரேஸ் கட்டினால் நேராக ஓடலாம். திடீரென்று நின்று திரும்பும்போது எலும்பு வழுக்கும். இதுவரை தப்பித்த மெனிஸ்கஸும் (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழியலாம். ஏசிஎல்லைவிட அந்த இழப்புதான் நாற்பது வயதில் வலிக்கும்.

காலக் கணக்கையும் பாருங்கள். ஜனவரியில் ஆபரேஷன் என்றால் ஒன்பது மாதம் அக்டோபரில் முடியும். அடுத்த சீசன் நவம்பர் தொடக்கத்தில். மார்ச்சுக்குத் தள்ளினால் டிசம்பர் ஆகிவிடும். ஒன்பது மாதத்துக்கு முன் அவசரப்பட வேண்டாம்: 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அதுவரை களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதோடு மாதக் கணக்கு மட்டும் போதாது. காயம்பட்ட காலின் தொடைத் தசை மற்றதில் 90 சதவீதமாவது பலம் காட்ட வேண்டும். பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிப் பாருங்கள். முட்டி உள்பக்கம் மடங்கினால் இன்னும் தயாரில்லை.

கனெக்டிகட்டின் அஸி ஃபட் 2023 நவம்பரில் இதே ஏசிஎல்லைக் கிழித்துக்கொண்டார். அந்த சீசனில் ஆடியது 2 ஆட்டம்தான். அவசரப்படாமல் ஒரு வருடம் கழித்துத் திரும்பியவர், 2025 இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை.

இனி உங்கள் வேலை. முதல் வருடத்தில் மகள் ரெட்ஷர்ட் ஆகியிருந்தால் (ஆடாமல் அந்த சீசனைச் சேமித்திருந்தால்), நான்கு சீசனையும் ஆடி முடிக்கத் தரும் ஐந்து வருடக் கெடு இதோடு முடிந்திருக்கும், கணக்கே மாறும். தகுதி விதிகளை என்சிஏஏ அடிக்கடி மாற்றுகிறது. கல்லூரியில் இந்த விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் இப்போதைய நிலையை எழுத்தில் வாங்குங்கள். சலுகைக்கான மனுவை காண்ஃபரன்ஸுக்கு (அணி ஆடும் லீக்) அனுப்புவதும் அவர்கள்தான். அப்புறம் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த வருடம் இடமும் ஸ்காலர்ஷிப்பும் உண்டா? டிகிரி முடிந்துவிட்டால் மேற்படிப்பில் சேர்ந்தால்தான் ஆட முடியும். அந்த விண்ணப்பக் கெடு ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்காது.