பயிற்சிக்கு அனுப்பியது நிறுவனம்; லாட்ஜ் வாடகை யார் தலையில்?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் நிறுவனத்தில் சர்வீஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். சம்பளம் 27,500 ரூபாய். புதிய மெஷின் பயிற்சிக்கு 12 நாள் புனே போகச் சொல்லி மேனேஜர் மெயில் அனுப்பினார். பயிற்சிக் கட்டணத்தை மட்டும் நிறுவனம் கட்டியது. ரயில், லாட்ஜ், சாப்பாடு, ஆட்டோ என்று என் கைக்காசு 30,900 ரூபாய் போனது. பில் கொடுத்தால், "அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அப்படி எதுவும் இல்லையே" என்கிறார்கள். ஓராண்டுக்குள் வேலையை விட்டால் 1 லட்சம் தர வேண்டும் என்று பாண்டும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். என் பணம் கிடைக்குமா?

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால், பயிற்சிக்கு அனுப்பும் முதலாளி பயணச் செலவைத் தந்தே ஆக வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் பொதுவான சட்டப்பிரிவு இங்கே கிடையாது. அதனால் "போ" என்று சொன்னது யார், எழுத்தில் சொன்னார்களா என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. அந்த மெயிலை இன்றைக்கே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஒரு பிரின்ட்டும் எடுத்துவிடுங்கள். அலுவலக ஐடியை முடக்கிவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும்.

அடுத்து, நிறுவனத்தின் பயணப்படி விதிகள், நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளைச் சொல்லும் நிறுவன விதிகள்), யூனியன் ஒப்பந்தம் ஆகியவற்றைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் போனவர்களுக்குப் பணம் கொடுத்திருந்தால் அந்த வழக்கமே வலுவான சான்று. இவை எதுவும் இல்லாவிட்டாலும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு கைகொடுக்கும்: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததன் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும். நீங்கள் கற்றுவந்த வேலையை வைத்து நிறுவனம் வாடிக்கையாளரிடம் சர்வீஸ் பில் போடுகிறது அல்லவா, அதுதான் பலன்.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சம்பள பாக்கி மனுவாக இதைப் போட்டால் நிற்காது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 2(ஒய்) பிரிவு, பயணப்படியையும் வேலையின் தன்மையால் வரும் சிறப்புச் செலவுக்கான தொகையையும் 'ஊதியம்' என்பதிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. பழைய 1936 சட்டமும் அப்படித்தான். அந்த 12 நாளை லீவாகக் காட்டிச் சம்பளம் பிடித்திருந்தால் கதை வேறு. அது ஊதியம், அந்த மனு செல்லும்.

பில்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் போனதைத்தான் காட்டும், எதற்குப் போனது என்று காட்டாது; லாட்ஜில் பெயர், தேதி, அறை எண் உள்ள பில்லை இப்போதாவது கேட்டு வாங்குங்கள். ஓட்டல் மெஷின் பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். பில் தராத ஆட்டோவுக்கு இடம், தேதி, தொகை எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சர் போதும். "ஜிஎஸ்டி கிரெடிட் (பில்லில் உள்ள வரியை நிறுவனம் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது" என்று லாட்ஜ் பில்லைத் தள்ளுவார்கள். மகாராஷ்டிராவில் தங்கியதற்கு அந்த மாநில வரிதான் விழும், அங்கே பதிவில்லாத நிறுவனத்துக்குக் கிரெடிட் கிடைக்காது, உண்மைதான். அதற்காக உங்கள் பணத்தை மறுக்க முடியாது. சாப்பாட்டுச் செலவைத் தனியாகக் காட்டுங்கள்; வீட்டிலிருந்தாலும் சாப்பிட்டிருப்பீர்களே என்ற வாதம் வரும், பேரத்தில் விட்டுக்கொடுக்கவும் அதுதான் வசதி.

பிறகு எச்ஆருக்கு ஒரு பக்கக் கடிதம்: "தங்கள் இன்ன தேதி மின்னஞ்சல் உத்தரவின்படி புனே பயிற்சிக்குச் சென்றதில் எனக்கான செலவு ரூ.30,900. விவரமும் பில் நகல்களும் இணைப்பில். 15 நாளுக்குள் வழங்கக் கோருகிறேன்." மெயிலிலும் ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்புங்கள். அசல் பில்களைக் கொடுத்துவிடாதீர்கள். கேட்டால், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பதில் இல்லையென்றால், இந்தத் தொகைக்கு நான் சொல்லும் வழி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குக்கு முந்தைய மனு கொடுத்தால் கோர்ட் கட்டணம் இல்லாமல் நிறுவனத்தைப் பேச அழைப்பார்கள். லோக் அதாலத்தில் முடிந்தால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம். பயணப்படி விதியோ யூனியன் ஒப்பந்தமோ கையில் இருந்தால், முதலாளி தர வேண்டிய பணத்தை வசூலிக்க, பழைய தொழில் தகராறு சட்டத்தின் 33சி(2) என்று பழகிப்போன மனுவையும் போடலாம். இப்போது அது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 59-ஆம் பிரிவு. அங்கே ஏற்கெனவே உள்ள உரிமைக்குத் தொகை கணக்கிடுவார்களே தவிர, உரிமையையே புதிதாக நிலைநாட்டுவது கடினம். சிவில் வழக்குக்கு மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் 30,900-க்கு அது கடைசி வழி.

பாண்ட் விஷயம். இப்படிப்பட்ட பாண்ட் எல்லாம் செல்லாது என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதேசமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடே கிடைக்கும். பயணமும் தங்கலும் உங்கள் செலவு என்றால், நிறுவனம் பயிற்சிக்குப் போட்ட பணம் கட்டணம் மட்டுமே. இந்த பில்கள் அங்கேயும் உங்களைக் காக்கும். விலகும்போது பாண்ட் தொகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. ஊதியத் தொகுப்பின் 18-ஆம் பிரிவு அனுமதிக்கும் பிடித்தங்களில் பயிற்சிச் செலவு இல்லை.

பயண அட்வான்ஸை மட்டும் அதே பிரிவின்படி பிடிக்கலாம். அடுத்த முறை டிக்கெட் போடுவதற்கு முன்பே மெயிலில் அட்வான்ஸ் கேளுங்கள், திரும்பியதும் கணக்கைக் கொடுத்து முடித்துவிடுங்கள்.