கையால் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் அந்த விலை? எல்லாம் பகட்டுத்தானா?

"ரோபோ இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் காலத்தில், கையால் செய்த காருக்குக் கோடிக்கணக்கில் கொடுப்பது வெறும் பகட்டுத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பகட்டும் உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் கையால் செய்யத் தொடங்குவதற்குக் காரணம் கணக்கு.

சாதாரண காரின் கதவுத் தகட்டை இரும்பு அச்சில் வைத்து அமுக்கி எடுக்கிறார்கள். அந்த அச்சுகளுக்கே பெரும் பணம் வேண்டும். லட்சக்கணக்கில் கார் விற்றால் அச்சுச் செலவு தெரியாமல் பிரிந்துபோகும். நூறு கார்தான் என்றால் அதுவே காரை விழுங்கிவிடும். ஆகவே ஆளை வைத்துச் செய்வதுதான் அங்கே லாபம்.

மக்லாரன் நிறுவனத்தின் எஃப்1 என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். கோர்டன் மரே வடிவமைத்து 1992இல் அறிமுகமானது. ஓட்டுபவருக்கு நடுவில் சீற், இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பேர். பின்னால் பிஎம்டபிள்யூவின் 6.1 லீற்றர் வி12 எஞ்சின், 627 குதிரைவலு. எஞ்சின் சூடு காரின் உடல்கூட்டைத் தாக்காமல் இருக்க எஞ்சின் அறையின் உள்பக்கம் தங்கத் தாள் ஒட்டினார்கள். அதைப் பகட்டு என்று நினைப்போம், ஆனால் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டிக்காரன். 1998இல் மணிக்கு 386 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் காட்டியது.

உடல்கூடு முழுக்கக் கார்பன் ஃபைபர். பிசின் ஊறிய கார்பன் துணியை வெட்டி, இழை எந்தத் திசையில் போகவேண்டும் என்று பார்த்து, துண்டு துண்டாக மோல்டில் கையால் படியவைக்க வேண்டும். ஒரு மூலையில் காற்றுக் குமிழி அகப்பட்டால் அந்த இடம் பலவீனம். பிறகு ஓட்டோகிளேவில் வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்குவார்கள். ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் அவிக்கும் பெட்டியின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் பகானி ஹுவைரா போன்ற கார்களுக்கும் இதே பாடுதான்.

இந்தக் கைவேலை எனக்குப் புதினமாகத் தெரியாததற்குக் காரணம் யாழ்ப்பாணம். கே.கே.எஸ். வீதிப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு கராஜில் பழைய ஒஸ்ரின் ஏ40 மட்கார்டை ரிங்கரிங் செய்வதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இரும்புக் கட்டையைப் பிடித்து, வெளியே மெல்லச் சுத்தியலால் தட்டி, இடைக்கிடை கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார் அந்த அண்ணை. "தம்பி, இஞ்ச தடவிப் பார், மேடு தெரியும்" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் இன்னும் இரண்டு தட்டுத் தட்டுவார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அது. ஸ்பெயார் பாட்ஸ் வராது, கடைசல் பட்டறையில் செய்வித்துப் போடவேண்டியதுதான்.

சரி, ஏ40க்கும் எஃப்1க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் செய்வது நின்றுபோன காரைப் பிற்காலத்தில் பராமரிக்கும் தலையிடி ஒன்றுதான். எஃப்1ஐச் சோதிக்கும் மென்பொருள் தொண்ணூறுகளின் கொம்பாக் மடிக்கணினி ஒன்றில்தான் ஓடியது. 2016இல்கூட மக்லாரன் ஆக்கள் அந்தப் பழைய கணினிகளைத் தேடி வாங்கி வைத்திருந்தார்கள். பாட்ஸுக்குக் கடை கடையாய் அலைவது எங்களுக்கு மட்டும் விதித்ததில்லை!

இனி, "லிமிட்டெட்" என்ற பேச்சு. எஃப்1 எண்ணிச் செய்த கார் என்பார்கள். உண்மையில் 300 வரை விற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பொருளாதார மந்தம், பயங்கர விலை, வாங்க ஆளில்லை. 1998இல் நிறுத்தும்போது பந்தயக் கார்களையும் சேர்த்து 106தான். வீதிக்கென்று செய்தவை 64. அன்று விலை ஐந்து லட்சம் பவுணுக்கு மேல். 2021இல் ஒன்று ஏலத்தில் 2 கோடி டொலரைத் தாண்டியது.

இப்போது கதை தலைகீழ். அதே மரே பின்னர் கொண்டுவந்த டி.50 என்ற காரை நூறுதான் செய்வேன் என்று முதலே சொல்லி, வரிக்கு முன் 23 லட்சம் பவுணுக்கு மேல் விலை வைத்தார். ஒன்றுகூடக் கைக்கு வருமுன்பே எல்லாவற்றுக்கும் ஆள் பிடிபட்டுவிட்டது. நீங்கள் சொல்லும் பகட்டு இந்த இடத்தில்தான் இருக்கிறது: கைவேலைக்குக் கொடுப்பது ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக்காரனிடம் இல்லை என்பதற்குக் கொடுப்பது மிச்சம்.