‘குவாரன்டைன் 2: டெர்மினல்’ படத்தில் வருவது போல விமானப் பயணிகளை நிஜமாகவே அடைத்து வைப்பார்களா? முதல் பாகம் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பார்க்கலாம். 2008இல் வந்த முதல் பாகம், லாஸ் ஏஞ்சலஸில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சீல் வைத்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக வெறிபிடித்துப் போவதைக் காட்டும் கதை. அதுவே 2007இல் வந்த ‘ரெக்’ என்ற ஸ்பானியப் படத்தின் மறு ஆக்கம். 2011இல் வந்த இந்த இரண்டாம் பாகம், அதே இரவில் அதே ஊரிலிருந்து கிளம்பும் ஒரு விமானத்தில் தொடங்குகிறது. அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள். முதல் பாகம் தெரியாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

முதல் கேள்விதான் என்னை எழுத வைத்தது. சரியாகச் சொன்னால் கேள்வி கூட இல்லை, இதற்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கும் பதில். ‘படத்தில் லாஜிக்கே இல்லை, டிரே தூக்குகிற பெண் திடீரென்று தலைவியாகி எல்லோரையும் வழிநடத்துகிறாள்’ என்று அவர் எழுதியிருக்கிறார். நானும் ஒன்பது வருடம் விமானத்தில் டிரே தூக்கியவள்தான். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

படத்தை இயக்கியவர் ஜான் போக். மெர்சிடீஸ் மேசன் ஜென்னி என்ற விமானப் பணிப்பெண்ணாக வருகிறார். ஒரு பயணி கூண்டில் எலி வகையறா ஒன்றைக் கொண்டுவர, அது இன்னொரு பயணியின் விரலைக் கடித்துவிடுகிறது. கடிபட்டவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், வாந்தி எடுத்து, வெறி வந்து ஜென்னியின் சக பணிப்பெண்ணைத் தாக்குகிறார். விமானம் அவசரமாகத் தரையிறங்குகிறது. டெர்மினலுக்குள் வந்து பார்த்தால் கதவுகள் எல்லாம் பூட்டியிருக்கின்றன, வெளியே ஆயுதங்களோடு ஆட்கள் நிற்கிறார்கள். மீதியைச் சொல்லமாட்டேன்.

நோயைப் பற்றிக் கேட்டால், அது சினிமா. வெறிநாய்க்கடி போன்ற ஒரு வைரஸ் என்று சொல்லிவிட்டு, கடித்த கொஞ்ச நேரத்திலேயே ஆளை மாற்றிவிடுகிறார்கள். நிஜ ரேபிஸில் அறிகுறி தெரியவே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அறிகுறி வந்தபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். எலி, வெள்ளெலி போன்ற சின்னக் கொறிவிலங்குகளிடம் ரேபிஸ் தென்படுவதே மிக அரிது. இதைச் சொன்னதும் ‘படத்தில் அது செயற்கையாக மாற்றிய வைரஸ்’ என்று ஒருவர் வருவார். தெரியும் ஐயா, நானும் படம் பார்த்தேன்.

ஆனால் அடைத்து வைப்பது? அது நடக்கும். எனக்கு நடந்தது.

எந்த நிறுவனம், எந்த விமான நிலையம் என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். இரவு விமானம். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, பின்பக்கம் ஜன்னலோர இருக்கையில் ஒரு இளைஞர் குளிர்கிறது என்று இரண்டாவது போர்வை கேட்டார். கொடுக்கப் போனபோது பார்த்தேன், கழுத்திலும் நெற்றியிலும் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. தொட்டால் அனல். காய்ச்சலோடு இப்படித் தோலில் ஏதாவது இருந்தால் கேப்டனிடம் சொல்லவேண்டும், கேப்டன் தரைக்குச் சொல்லவேண்டும். அதுதான் விதி. சொன்னேன். முகக்கவசமும் கையுறையும் இருக்கும் பெட்டியைத் திறந்தோம், அவருக்கு ஒரு கவசம் கொடுத்தோம், பக்கத்து இருக்கைக்காரரை வேறு வரிசைக்கு மாற்றினோம், பின்பக்கக் கழிவறை ஒன்றை அவருக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். அவ்வளவுதான் எங்கள் கையில் இருந்தது.

அவருக்கு முன்வரிசையில் ஒரு வயதான அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, “ஏம்மா, இது சின்னம்மை. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இறங்கியதும் டெர்மினலுக்குப் போகாமல், தூரத்தில் ஒரு தனி நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஏணி வரவில்லை, பஸ் வரவில்லை. விளக்கைச் சுழற்றிக்கொண்டு இரண்டு வண்டிகள் மட்டும் கொஞ்சம் தள்ளி வந்து நின்றன. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பார்க்கும்வரை கதவைத் திறக்கக்கூடாது என்று கேப்டன் இன்டர்போனில் சொன்னார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். “எனக்கும் சொல்லவில்லை” என்றார். இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நூற்று எழுபது சொச்சம் பேரை நான் இரண்டே முக்கால் மணி நேரம் உட்காரவைத்தேன்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். ஜென்னிக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் அவளிடம்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் சீருடை போட்டிருப்பது அவள். விமானத்தில் ஏதாவது நடந்தால் பயணியின் பார்வை மேலே ஒலிபெருக்கிக்குப் போகாது, எங்கள் முகத்துக்கு வரும். நாங்கள் பயந்தால் அவர்கள் பயப்படுவார்கள். அதனால்தான் ஆடி ஆடி இறங்கும்போது கூட ஜம்ப் சீட் என்ற எங்கள் மடக்கு இருக்கையில் வாயை மூடிக்கொண்டு சிரித்த மாதிரி உட்கார்ந்திருப்போம். டிரே தூக்குவது எங்கள் வேலையில் கண்ணுக்குத் தெரிகிற பாதி. கதவுகளில் பாதி வேலை செய்யாவிட்டாலும் 90 விநாடிக்குள் மொத்தப் பேரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு விமானத்துக்கே அனுமதி கிடைக்கிறது. வருடா வருடம் அந்தக் கதவுகளை வைத்துத்தான் எங்களுக்குத் தேர்வு, காபியை வைத்து இல்லை. ஆகவே அவள் ‘திடீரென்று’ தலைவி ஆகவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் ஒருவர் எழுந்து நேராக முன்கதவுக்கு வந்தார். கைப்பிடியில் கையை வைத்துவிட்டார். வெளியே ஏணி கிடையாது, கீழே இரண்டு ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்டப் பள்ளம், தார்த்தரை. நான் கத்தினேன். “உட்காருங்கள்! இப்போதே போய் உட்காருங்கள்!” மரியாதையாக இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அவர் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் ஒருவர் அதைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோ நாற்பது விநாடி. என் முகமும் என் குரலும் மட்டும்தான் அதில் இருக்கிறது. கைப்பிடியில் இருந்த கை இல்லை. ‘பயணிகளை மிரட்டும் ஏர் ஹோஸ்டஸ்’ என்று தலைப்பு. சின்னம்மை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்த் தெரிய இரண்டு வாரம் ஆகும், இது பரவ ஒரு ராத்திரி கூட ஆகவில்லை. என் அலுவலகத்தில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தேன். கேப்டனும் எனக்காக எழுதிக்கொடுத்தார். நடவடிக்கை எதுவும் இல்லை, ஆனால் அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி யாரும் யாரையும் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் எங்கேயோ கிடக்கிறது.

அந்த இளைஞருக்கு? சின்னம்மைதான். அந்த நர்ஸ் அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது படத்தின் மேல் ரசிகர்கள் வைக்கும் பெரிய குறைக்கு வருகிறேன். முதல் பாகம் முழுக்க ஒரு தொலைக்காட்சிக் குழுவின் கேமரா வழியாகவே நடக்கும். நாம் பார்ப்பதெல்லாம் அந்தக் கேமரா பார்த்தது. இரண்டாம் பாகத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வழக்கமான படம் போல எடுத்துவிட்டார்கள், அதனால் பயமே போய்விட்டது என்பார்கள். நியாயம் இருக்கலாம். எனக்கோ அதுதான் நிம்மதியாக இருந்தது. ஜென்னி கத்துகிறாள், தடுமாறுகிறாள், ஒருவரைத் தள்ளுகிறாள். ஏன் என்று நமக்கு முழுசாகத் தெரிகிறது. அவளை யாரும் நாற்பது விநாடியாக வெட்டி வைக்கவில்லை. இதைச் சொந்தப் புண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், அப்படித்தான். டெர்மினலுக்கு வந்தபிறகு பாதிப் படம் இருட்டு அறைகளில் ஓடுவதும் ஒளிவதுமாகத் தேய்ந்துபோகிறது என்பதையும் நானே ஒப்புக்கொள்கிறேன். விமானத்துக்குள் நடக்கும் பகுதிதான் படம்.

அடைத்து வைப்பது பற்றி இன்னொன்று. படத்தைப் பார்த்து விமானக் காற்றுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. பறக்கும்போது கேபின் காற்று ஒரு மணி நேரத்துக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது, திரும்ப உள்ளே வரும் பங்கும் வடிகட்டி வழியாகத்தான் வருகிறது. மேலிருந்து வந்து அந்தந்த வரிசைக்கு அருகிலேயே தரையோரம் வெளியேறும். பிரச்சினை, தரையில் காற்று நின்றுபோனால். 1977இல் அலாஸ்காவில் 54 பேரோடு ஒரு விமானம் என்ஜின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையில் நின்றது, காற்றோட்டம் ஓடவில்லை. ஒருவருக்கு ஃப்ளூ இருந்தது. மூன்று நாளுக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேருக்கு வந்துவிட்டது. எங்கள் பயிற்சியில் சொன்ன கதை இது. அன்றைக்கு எங்கள் கேப்டன் என்ஜினை நிறுத்தியபிறகும் வாலில் இருக்கும் துணை என்ஜினை அணைக்காமல் காற்றை ஓடவிட்டது சும்மா இல்லை. 2020இல் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி வைத்தபோது உள்ளே 3,711 பேர், அதில் 712 பேருக்குக் கோவிட். வெளியே இருப்பவர்களைக் காப்பாற்றக் கதவைச் சாத்தும்போது உள்ளே என்ன நடக்கும் என்பதைக் காட்ட வெறிபிடித்த மனிதர்கள் கூடத் தேவையில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பறக்கும் நேரத்தை வைத்துத்தான் படி. விமானம் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைத்த நிமிடத்தோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். ஆக, என் வாழ்க்கையிலேயே நான் மிகக் கடுமையாக வேலை பார்த்த அந்த இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு எனக்கு வந்தது ஒரு பைசா கூட இல்லை. கேட்டதற்கு ‘நீங்கள்தான் பறக்கவில்லையே’ என்றார்கள். வேலையை விட்டதற்கு இதுவா காரணம் என்றால் இல்லை. இடுப்பு வலி. ஒன்பது வருடம் அடுத்தவர்களின் கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்ததில் வந்தது.

அடுத்த வாரம் எங்கேயோ பறக்கப் போகிறீர்கள், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தைரியமாக ஏறுங்கள். உங்கள் பையை மட்டும் நீங்களே மேலே வையுங்கள்.