தோட்டம் – கேள்வி பதில்: மண்ணை வழித்துப் பாருங்கள்

கேள்வி: கலிபோர்னியாவில், 1960இல் கட்டிய ஐக்லர் வீடு (ஜோசப் ஐக்லர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் கட்டிய, கண்ணாடிச் சுவர் வைத்த நவீன பாணி வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறோம். முன்பு இருந்தவர்கள் சுற்றிலும் வளைந்த பாத்திகள், ரோஜா, பிளாஸ்டிக் விளிம்பு, ஒரு சிமென்ட் நீரூற்று என்று வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்தக் காலத்துக்கு ஏற்ற தோட்டமாக மாற்ற ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, சன்னிவேல்)

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் இந்த வாரம் எடுக்க வேண்டாம். ஒரு சின்னக் கொத்தும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். வெளிச்சுவரின் மரப்பலகையை மண் தொடுகிறதா? அறுபது வருடங்களாக வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு நாலு மூட்டை உரமண்ணும் மரச்சீவலும் கொட்டியிருப்பார்கள். மண் ஏறிக்கொண்டே வந்திருக்கும். தொடும் இடத்தில் பலகையை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். அது உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது, கரையானும் வந்திருக்கலாம். பலகைக்குக் கீழே நாலு அங்குலமாவது வெறும் கான்கிரீட் தெரிய வேண்டும். ஆறு கிடைத்தால் இன்னும் நல்லது.

மரத்தைக் காப்பாற்ற மட்டும் இதைச் சொல்லவில்லை. ஜோசப் ஐக்லர் கலிபோர்னியாவில் சுமார் 11,000 வீடுகள் கட்டினார். அவற்றில் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் தரையும் வெளியே இருக்கும் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். கூரையின் உத்தரங்கள் கண்ணாடியைத் தாண்டி வெளியே நீளும். உட்கார்ந்து பார்த்தால் அறை வேலி வரைக்கும் போகிற மாதிரி இருக்கும். வெளியே மண் ஏறிவிட்டால் அந்த வீடே குழிக்குள் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. எந்தச் செடி வைத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

என் வீட்டில் பின்பக்கப் புல்தரையின் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு அங்குலம் போனதும் கொத்து ‘டங்’ என்றது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பட்டாணி அளவு கூழாங்கற்கள் பழுப்பும் சாம்பலுமாக மேலே தெரியும் பழைய கான்கிரீட். நடுவே கறுத்துப்போன ரெட்வுட் பலகை ஒன்று கோடாக ஓடியது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். அது நேராக வந்து கண்ணாடிச் சுவரின் தூணுக்கு எதிரில் நின்றது. சாயங்காலம் வரை நான் எழுந்திருக்கவில்லை. வீட்டை வரைந்தவர் தூண்களின் இடைவெளியை அப்படியே முற்றத்துக்கும் கொண்டுவந்திருக்கிறார்! அதன்மேல் யாரோ புல் போட்டுவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது கிடைத்தால் பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கூழாங்கல் பெயர்ந்து வந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரும் தேய்க்கிற பிரஷும் போதும். நடுவில் இருக்கும் ரெட்வுட் ஊறிய அட்டைபோல் உதிரும். அதை உளியால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அகலத்தில் வைரம் பாய்ந்த ரெட்வுட் பலகையை இறக்குங்கள். சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வார், கேட்காதீர்கள். அந்தக் கோடுகள்தான் முற்றத்தின் உயிர்.

பழைய படம் ஒன்று கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் பழைய விமானப் படங்கள் ஏராளம், உங்கள் தெருவும் இருக்கிறதா என்று தேடுங்கள். சன்னிவேல் நகராட்சி ஐக்லர் வீடுகளுக்கென்றே வடிவமைப்பு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. வேலியில் கைவைக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஐக்லர் வீட்டு நடுவில் உள்ள ஏட்ரியத்தில் (மேலே கூரையில்லாத முற்றத்தில்) மழை பெய்தால் தண்ணீர் தேங்கிக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வருகிறது. தரையை உடைத்துப் புதுக் குழாய் போடச் சொல்கிறார்கள். (வாசகர், பாலோ ஆல்டோ)

பதில்: பொறுங்கள். ஐக்லர் வீடுகளின் தரைக் கான்கிரீட்டுக்குள் சூடு தரும் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்றில் ஓட்டை போட்டுவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும். முதலில் ஏட்ரியத்தின் வடிகாலில் ஹோஸை வைத்துப் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். தண்ணீர் எங்கே வெளியே வருகிறது என்று ஒருவர் போய்ப் பார்க்கட்டும். வராவிட்டால் பெரும்பாலும் வேரும் சேறும்தான் அடைத்திருக்கும், கேமரா விட்டுப் பார்த்துச் சுத்தம் செய்யலாம். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஹீட்டரைப் போட்டுவிட்டு வெப்பக் கேமராவில் குழாய்களின் வழியைப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம், இருபது தொட்டிச் செடி வேண்டாம். ஒரு ஜப்பானிய மேப்பிள், கீழே சரளைக்கல், கொஞ்சம் பெரணி. அது போதும்.

கேள்வி: எங்கள் ஐக்லர் வீட்டுக் கூரைக்கு மேல் படர்ந்த பழைய ஓக் மரத்தை வெட்டிவிடலாமா? அத்துடன், புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றி மாளவில்லை. (வாசகி, சான் ரஃபேல்)

பதில்: ஓக்கை வெட்டாதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில்தான் சொனோமா. அங்கே தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளர் 1948இல் அமைத்த டானல் தோட்டத்தில், மரத்தளத்தில் ஓட்டை விட்டு ஓக் மரங்களை அதன் வழியாகவே வளரவிட்டார். உங்கள் மரத்துக்கு ஒரு சான்றுபெற்ற மர நிபுணரை அழைத்துக் கூரையைத் தொடும் கிளைகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தட்டையான கூரையின் கோடு தெருவிலிருந்து தெரிந்தால் போதும்.

புல்லைப் போகவிடலாம். ஆனால் அந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கள்ளிச்செடிகளை நடாதீர்கள். புல்தரை அங்கே செய்துகொண்டிருந்த வேலை, ஒரே பச்சையாகப் பரந்து கிடப்பது. காரெக்ஸ் பான்சா என்ற உள்ளூர்க் கோரை இனம் அதைக் குறைந்த தண்ணீரில் செய்யும். ஓக்கின் அடியில் மட்டும் அதையும் நட வேண்டாம். கோடையில் அடிமரத்தருகே ஈரம் இருந்தால் ஓக்கின் வேர் அழுகிவிடும். விழுந்த சருகு அங்கேயே கிடக்கட்டும்.